எளிய ஹோம் தியேட்டர் ரிசீவர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாலில் ஒரு டிவி, அதைச் சுற்றி 5 ஸ்பீக்கர், மூலையில் ஒரு சப்வூஃபர், இவற்றை இயக்க ஒரு ரிசீவர். பெரும்பாலான வீடுகளுக்கு வேண்டியது இவ்வளவே. ஆனால் கடைக்குப் போனால் 9 சானல் (ஸ்பீக்கருக்கு ஒன்றாகப் பிரியும் தனித்தனி ஒலி), 8கே படம், வைஃபை, இரண்டாம் அறைக்கான ஒலி என்று பட்டியல் நீள்கிறது. விலையும் அதற்கேற்ப ஏறுகிறது. 12க்கு 14 அடி ஹாலில் படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் ஒரு ரிசீவர் தேடுபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை.

ரிசீவரின் அடிப்படை வேலைகள் எவை?

நான்கு வேலைகள். டிவியிலிருந்தோ பிளேயரிலிருந்தோ வரும் டால்பி, டிடிஎஸ் எனப்படும் பல சானல் ஒலி வடிவங்களைப் பிரித்தறிவது முதல் வேலை. முன், நடு, பின் ஸ்பீக்கர்களுக்கு உரிய பங்கைக் கொடுத்து, கனத்த ஒலியைச் சப்வூஃபருக்கு அனுப்புவது இரண்டாவது. ஸ்பீக்கர்களை இயக்கும் அளவுக்கு மின்திறன் தருவது மூன்றாவது. எல்லா ஸ்பீக்கர்களின் ஒலியளவையும் ஒரே குமிழில் கூட்டிக் குறைப்பது நான்காவது. இந்த நான்கையும் ஒழுங்காகச் செய்யும் கருவி, எந்த நிறுவனத்தின் வரிசையிலும் கடைசிப் படியிலோ அதற்கு அடுத்த படியிலோ கிடைத்துவிடும். அதற்கு மேலே போகப் போக நாம் காசு கொடுப்பது பெரும்பாலும் ஐந்தாவது, ஆறாவது வேலைகளுக்குத்தான்.

என்னிடம் செட் டாப் பாக்ஸ், ஸ்ட்ரீமிங் ஸ்டிக், புளூரே பிளேயர், கேம் பெட்டி எல்லாம் இருக்கின்றன. எத்தனை எச்டிஎம்ஐ துளைகள் இருக்க வேண்டும்?

இப்போதைய டிவியாக இருந்தால், ஒன்றே ஒன்று கூடப் போதும். டிவியின் பின்புறத்தில் ஏஆர்சி என்று அச்சிட்ட ஒரு எச்டிஎம்ஐ துளை இருக்கும். எச்டிஎம்ஐ 1.4 தரத்தோடு 2009இல் வந்த வசதி இது. ரிசீவரிலிருந்து டிவிக்குப் படத்தைக் கொண்டுபோகும் அதே கேபிள், எதிர்த்திசையில் டிவியின் ஒலியை ரிசீவருக்குக் கொண்டுவருகிறது. ஆகவே எல்லாப் பெட்டிகளையும் டிவியிலேயே செருகிவிட்டு, டிவியிலிருந்து ஒரே ஒரு கேபிளை ரிசீவரின் வெளியீட்டுத் துளையில் இணைத்தால் போதும். படம் ரிசீவருக்குள் போவதே இல்லை என்பதால், ரிசீவர் 4கே கடத்துமா, 8கே கடத்துமா என்ற கவலையும் கூடவே ஒழிகிறது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. புளூரே பிளேயர் வைத்திருப்பவர்கள் அதை மட்டும் நேரடியாக ரிசீவரில் செருகுவது நல்லது. வட்டில் உள்ள சுருக்கச் சேதமில்லாத ஒலி (சுருக்கியும் எதையும் இழக்காதது) சாதாரண ஏஆர்சி வழியாக வராது. சில டிவிகள் டிடிஎஸ் ஒலியைக் கடத்துவதும் இல்லை. விலை குறைந்த ரிசீவர்களிலும் பொதுவாக 4 எச்டிஎம்ஐ உள்ளீடுகள் இருப்பதால், இதற்கென்று அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை.

ஏஆர்சியில் இணைத்தும் பின் ஸ்பீக்கர்களில் ஒலியே வரவில்லை. ரிசீவரில் பழுதா?

அநேகமாக இல்லை. டிவியின் ஒலி அமைப்புக்குள் போய்ப் பாருங்கள். டிஜிட்டல் ஒலி வெளியீடு என்ற வரியில் பிசிஎம் என்று இருந்தால், டிவியே ஒலியை இரண்டு சானலாகச் சுருக்கி அனுப்புகிறது என்று பொருள். அதை ஆட்டோ, பிட்ஸ்ட்ரீம், பாஸ் த்ரூ ஆகியவற்றில் உங்கள் டிவியில் இருக்கும் ஒன்றுக்கு மாற்றுங்கள். பிறகு 5.1 (5 ஸ்பீக்கருக்கும் 1 சப்வூஃபருக்குமான ஒலி) என்று குறிப்பிட்ட ஒரு படத்தை ஓடவிட்டு ரிசீவரின் முகப்பைப் பாருங்கள். டால்பி என்ற எழுத்து எரிந்தால் வேலை முடிந்தது. டிவி சேனலில் வரும் தொடரோ பழைய பாடலோ பெரும்பாலும் இரண்டு சானல் ஒலியில்தான் வரும். அதை வைத்துச் சோதிக்கக் கூடாது. ரிசீவரைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்கு ஓடுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இது.

இஏஆர்சி கட்டாயம் வேண்டுமா?

எச்டிஎம்ஐ 2.1 தரத்தோடு 2017இல் வந்த இஏஆர்சி, சுருக்கச் சேதமில்லாத ஒலியையும் டிவியிலிருந்து கடத்தும். ஆனால் ஸ்ட்ரீமிங் சேவைகள் அனுப்புவது டால்பி டிஜிட்டல் பிளஸ் வகை ஒலி. அது சாதாரண ஏஆர்சியிலேயே வந்துவிடும்; தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் அட்மாஸ் முறையின் தகவலும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கும். இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குறையில்லை.

என் டிவி பழையது, ஏஆர்சி இல்லை.

ஆப்டிகல் கேபிளால் இணைக்கலாம். அதில் டால்பி டிஜிட்டல் 5.1 வரைதான் வரும். டால்பி டிஜிட்டல் பிளஸ் வராது. இன்னொன்று, சில டிவிகள் எச்டிஎம்ஐயில் செருகிய பெட்டிகளின் ஒலியை ஆப்டிகலில் இரண்டு சானலாகவே தருகின்றன. அப்படியானால் பெட்டிகளை ரிசீவரில் செருகிப் படத்தை அங்கிருந்து டிவிக்கு எடுப்பதுதான் வழி. இந்த நிலையில் மட்டும் எச்டிஎம்ஐ துளைகளின் எண்ணிக்கை முக்கியமாகிறது.

எத்தனை வாட் வேண்டும்?

விற்பனையில் அதிகக் குழப்பம் நடக்கும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே பார்ப்போம். சாதாரணப் புத்தக அலமாரி ஸ்பீக்கர் ஒன்றின் உணர்திறன் 88 டெசிபெல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தள்ளி 88 டெசிபெல் ஒலி கேட்கும் என்று அதற்குப் பொருள். நீங்கள் உட்காரும் சோபா 3 மீட்டர் தள்ளி இருந்தால், ஒலி ஏறக்குறைய 79 டெசிபெல்லாகக் குறையும்; சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி அதில் கொஞ்சத்தை ஈடுசெய்யும். நேருக்கு நேர் பேசும் குரலே 60 முதல் 65 டெசிபெல்தான். ஆக 1 வாட்டிலேயே டிவி தாராளமாகக் கேட்கும். 10 வாட்டில் 10 டெசிபெல் கூடும். 100 வாட்டில் இன்னொரு 10. சண்டைக் காட்சிகளின் உச்சத்துக்கு இந்த இருப்பு தேவை என்பது உண்மைதான். ஆனால் 50 வாட்டை 100 வாட்டாக இரட்டித்தால் கிடைப்பது 3 டெசிபெல் மட்டுமே. காதுக்கு அது சிறிதளவு கூடியதாகத்தான் தெரியும். இரண்டு மடங்கு சத்தம் என்று காது உணர வேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும்.

அடுத்தது, அந்த வாட் எப்படி அளக்கப்பட்டது என்பது. பெட்டியின் மேல் 145 வாட் என்று பெரிதாக இருக்கும். கையேட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினால், அது 6 ஓம் (மின்தடை அளவு) சுமையில், 1 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், ஒரே ஒரு சானலை மட்டும் இயக்கி எடுத்த அளவு என்று சிறிய எழுத்தில் இருக்கும். அதே கருவியை 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சானல்களை ஒன்றாக இயக்கி அளந்தால் 90 வாட் என்று வேறொரு வரி சொல்லும். இந்த இரண்டாவது வரியைத்தான் கருவிக்குக் கருவி ஒப்பிட வேண்டும். அந்த வரியில் 60 முதல் 90 வாட் வரை இருந்தால் நம் வீட்டு ஹாலுக்குப் போதும்.

பிஎம்பிஓ (நொடிநேர உச்ச வாட்) என்று எழுதியிருக்கும் எண்ணைப் பற்றிப் பேசவே தேவையில்லை. அதை அளப்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட முறையே கிடையாது என்பதால் ஆயிரம் என்றும் எழுதலாம், பத்தாயிரம் என்றும் எழுதலாம்.

5.1 போதுமா? அட்மாஸ் இல்லாமல் வாங்கினால் பின்னால் வருந்துவேனா?

அட்மாஸ் 2012இல் திரையரங்குக்கும் 2014இல் வீட்டுக்கும் வந்தது. அதன் பயன் தலைக்கு மேலிருந்து வரும் ஒலியில்தான் இருக்கிறது. அதை முழுமையாகப் பெறக் கூரையில் குறைந்தது 2 ஸ்பீக்கர் வேண்டும், 5.1.2 என்ற அந்த அமைப்பை இயக்க 7 ஆம்ப்ளிஃபயர் உள்ள ரிசீவர் வேண்டும். கான்கிரீட் கூரையில் துளையிட்டு, ஒயரை மறைத்து, நடுவில் சுழலும் மின்விசிறிக்கு இடம்விட்டு ஸ்பீக்கர் மாட்ட நீங்கள் தயாரா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரையும் கேட்க வேண்டும். மாட்டப் போவதில்லை என்றால் அட்மாஸ் முத்திரைக்குக் காசு கொடுப்பதில் பொருளில்லை. அட்மாஸ் ஒலியுள்ள படத்தை 5.1 ரிசீவரில் ஓடவிட்டால் அது ஊமையாகிவிடாது. அதே ஒலி 5.1 ஆகக் கேட்கும்.

பின் ஸ்பீக்கர்களுக்குச் சரியான இடம், உட்காருபவரின் காதுக்கு நேர்ப்பக்கத்திலிருந்து சற்றே பின்னால், அதாவது முன்பக்கத்திலிருந்து 100 முதல் 120 பாகை வரை. சோபா சுவரோடு ஒட்டியிருக்கும் வீடுகளில் இதையே சரியாக வைக்க முடிவதில்லை. 7.1க்கான இன்னும் இரண்டு ஸ்பீக்கரை அங்கே எங்கே வைப்பது?

8கே, 4கே 120 (நொடிக்கு 120 முறை மாறும் 4கே படம்) போன்றவை?

புதிய கேம் பெட்டியை ரிசீவர் வழியாகவே டிவிக்கு இணைத்தாக வேண்டும் என்பவர்களுக்கு மட்டுமே தேவை. மற்றவர்கள் அதை நேராக டிவியில் செருகிவிடலாம். 2020இல் முதன்முதலாக 8கே முத்திரையோடு வந்த ரிசீவர்கள் சிலவற்றில், குறிப்பிட்ட கேம் பெட்டியின் 4கே 120 படம் வராமல் போன கதை இத்துறையில் பலருக்கும் தெரியும். ஒலிக்கருவியிடம் படத்தை ஒப்படைக்கத் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வைஃபை, செயலிகள், குரல் கட்டளை ஆகியவற்றை விட்டுவிடலாமா?

விட்டுவிடலாம். ஆம்ப்ளிஃபயர் பகுதி நன்றாக வைத்துக்கொண்டால் 15 ஆண்டுகள் உழைக்கும். அதற்குள் இருக்கும் செயலிகள் நான்கைந்து ஆண்டுகளில் கிழடு தட்டிவிடும். நிறுவனம் புதுப்பிப்பதை நிறுத்தியதும் மெனுவில் வெறும் படமாக நிற்கும். அதே வேலையைச் செய்யும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கைச் சில ஆயிரம் ரூபாயில் மாற்றிக்கொள்ளலாம். செல்பேசியிலிருந்து பாட்டுக் கேட்க ப்ளூடூத் ஒன்று இருந்தால் போதும். யமஹா ஆர்எக்ஸ்-வி385, சோனி எஸ்டிஆர்-டிஎச்590 போன்ற மாடல்கள் இப்படித்தான் இருந்தன: 4 எச்டிஎம்ஐ உள்ளீடு, ப்ளூடூத், 5 சானல் ஆம்ப்ளிஃபயர்; வலைத் தொடர்பு கிடையாது. இந்த மாடல்களையே தேட வேண்டும் என்பதில்லை. இதே அமைப்பு கொண்டவை எவை என்று பாருங்கள்.

பட்டியலில் உண்மையாகவே பயனுள்ள வசதி ஒன்றும் இல்லையா?

இரண்டு உண்டு. ஒன்று, கூடவே வரும் மைக்கை வைத்து அறையை அளக்கும் வசதி. யமஹாவில் வைபிஏஓ என்றும் டெனானில் ஆடிஸி என்றும் பெயர் மாறும். எல்லாம் ஒரே நோக்கம்தான். ஒவ்வொரு ஸ்பீக்கரும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்று அளந்து, எல்லாவற்றின் ஒலியும் ஒரே நேரத்தில் காதை எட்டும்படி அது சரிசெய்கிறது. மைக்கைச் சோபாவில் உட்காருபவரின் காது உயரத்தில், ஒரு கேமரா ஸ்டாண்டில் வைப்பது நல்லது. சோபாவின் முதுகில் சாய்த்துவைக்கக் கூடாது. மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும். சித்திரை மாதமாக இருந்தாலும் அந்த ஐந்து நிமிடம் வியர்த்துக்கொண்டு, பேசாமல் நிற்க வேண்டியதுதான். எங்கள் வீட்டில் முதன்முறை அளந்தபோது, வலப்பக்க ஸ்பீக்கரின் முறை வந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடித்தது. அளந்து முடித்த ரிசீவர், அந்த ஸ்பீக்கர் 9 மீட்டர் தள்ளி இருப்பதாக முடிவுகட்டியிருந்தது. எங்கள் ஹாலின் நீளமே 4 மீட்டர்தான். குக்கர் இறங்கியபின் மறுபடி அளந்தோம். ஆகவே அளந்து முடித்ததும் தூரங்களை ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள். சப்வூஃபரின் தூரம் மட்டும் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டினால் மாற்ற வேண்டாம். அதன் உள்மின்சுற்றில் ஏற்படும் தாமதத்தைத்தான் ரிசீவர் அப்படிக் கணக்கிடுகிறது.

மற்றொன்று, உச்சச் சத்தத்தை அடக்கி மெல்லிய ஒலியைத் தூக்கிவிடும் இரவு நேர அமைப்பு. வசனம் காதில் விழவில்லை என்று ஒலியைக் கூட்டினால், அடுத்த நொடியே குண்டு வெடித்துக் குழந்தை விழித்துக்கொள்ளும் வீடுகளுக்கு இது வரம். நடு ஸ்பீக்கரின் அளவை மட்டும் 2, 3 டெசிபெல் கூட்டிவைப்பதும் உதவும்.

பழைய ஹோம் தியேட்டர் செட்டின் ஸ்பீக்கர்களையும் சப்வூஃபரையும் புதிய ரிசீவரில் மாட்டலாமா?

ஸ்பீக்கர்களின் பின்னால் எழுதியிருக்கும் ஓம் அளவைப் பாருங்கள். 6 அல்லது 8 ஓம் என்றால் மாட்டலாம். 3, 4 ஓம் என்றால் ரிசீவரின் கையேடு அனுமதிக்கிறதா என்று பார்க்காமல் மாட்டாதீர்கள். சப்வூஃபரில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ரிசீவர்களில் சப்வூஃபருக்கென்று ஆம்ப்ளிஃபயர் இருப்பதில்லை. சமிக்ஞை மட்டும் வரும் ஒரு ஆர்சிஏ துளைதான் இருக்கும். எனவே தனக்கெனக் கரண்ட் ஒயரும் ஆம்ப்ளிஃபயரும் உள்ள சப்வூஃபர்தான் வேண்டும். பழைய செட்டோடு வந்தது பெரும்பாலும் வெறும் ஸ்பீக்கர் பெட்டியாகத்தான் இருக்கும். ரிசீவருக்கான பணத்தோடு இதற்கும் எடுத்துவையுங்கள். மாட்டியபின் கிராஸ் ஓவரை, அதாவது எந்த அதிர்வெண்ணுக்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸில் தொடங்கிப் பாருங்கள்.

சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்த 5.1 ஆம்ப்ளிஃபயர் பாதி விலைக்குக் கிடைக்கிறதே?

நல்ல டிரான்ஸ்ஃபார்மரும் நேர்மையான கைவேலையும் கொண்ட அசெம்பிள் கருவிகள் உண்டு. பழுதானால் செய்தவரே பார்த்துத் தருவார் என்பதும் சிறிய வசதியல்ல. ஆனால் இரண்டைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். முதலாவது, உள்ளே டால்பி, டிடிஎஸ் டிகோடர் போர்டு இருக்கிறதா என்பது. சிலவற்றில் இரண்டு சானல் ஒலியையே ஐந்து ஸ்பீக்கருக்கும் பங்கிட்டுவிட்டு 5.1 என்கிறார்கள். இரண்டாவது, ஒலியைப் பெருக்குவது எந்த ஐசி (மின்சுற்றுச் சில்லு) என்பது. நம்மூர் ரேடியோ மெக்கானிக்குகளுக்கு மனப்பாடமான 4440 ஐசி, ஒரு சானலுக்கு 6 வாட், இரண்டு சானலையும் ஒன்றாக்கும் பிரிட்ஜ் முறையில் 19 வாட் தருவது; அதை வைத்துச் செய்த பெட்டியின் முகப்பில் எத்தனை சுழியம் போட்டாலும் வாட் கூடாது. இவற்றில் சப்வூஃபருக்கும் ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருப்பது வழக்கம் என்பதால், மேலே சொன்ன பழைய சப்வூஃபருக்கு இங்கே வேலை கிடைக்கும். அறையை அளக்கும் மைக் வசதியை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

அண்ணன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவருகிறேன் என்கிறார். அங்கே விலை குறைவு.

அங்கே விற்கும் கருவி 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட் பிளக்கில், வெறும் பின் மாற்றியை மட்டும் வைத்துச் செருகினால் அந்த நொடியே போய்விடும். செல்பேசி சார்ஜரைப் போல இரு மின்னழுத்தத்தையும் ஏற்கும் ரிசீவர்கள் அரிது. பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் வாட் அளவைவிடக் கூடுதல் திறனுள்ள ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று நிரந்தரமாகத் தேவைப்படும். அதன் எடையும் விலையும் சேர்ந்தால் லாபம் கரைந்துவிடும். அமெரிக்க எஃப்எம் டியூனர் 200 கிலோஹெர்ட்ஸாகத் தாவுவதால், படியை மாற்றும் வசதி இல்லையென்றால் 101.4இல் வரும் சென்னை ரெயின்போ சரியாகச் சிக்காது. சிங்கப்பூரிலிருந்து வருவதென்றால் மின்சாரச் சிக்கல் இல்லை, அங்கும் 230 வோல்ட்தான். இந்தியாவில் உத்தரவாதம் செல்லுமா என்பதை மட்டும் கேளுங்கள்.

பழைய ரிசீவரை வாங்கலாமா?

எளிமை தேடுபவருக்கு நல்ல வழி. 4கே வராது என்பதற்காகவே பலர் நல்ல ரிசீவர்களைக் கழித்துவிடுகிறார்கள். ஏஆர்சி இருந்தால் அந்தக் குறை உங்களைத் தொடப் போவதில்லை. விற்பவர் வீட்டிலேயே டிவியோடு இணைத்து, எச்டிஎம்ஐ துளை ஒவ்வொன்றையும், ஸ்பீக்கர் இணைப்பு ஒவ்வொன்றையும் சோதியுங்கள். ஒலிக்குமிழைத் திருப்பும்போது எண்கள் முன்னும் பின்னும் குதித்தால் குமிழ் தேய்ந்திருக்கிறது. அரை மணி நேரம் ஓடவிட்டு, தானாக அணைகிறதா என்று பாருங்கள். அளக்கும் மைக்கை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். அது பொதுவாகப் பரணில்தான் கிடக்கும்.

எங்களுக்குப் பாட்டுதான் முக்கியம். ஐந்து ஸ்பீக்கர் வைக்க இடமும் இல்லை.

அப்படியானால் இரண்டு நல்ல ஸ்பீக்கரும், எச்டிஎம்ஐ ஏஆர்சி உள்ள ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் வாங்குங்கள். 2019இல் வந்த மராண்ட்ஸ் என்ஆர்1200 இந்த வகையைச் சேர்ந்தது. அதே பணத்தை ஐந்து சிறிய ஸ்பீக்கரில் பிரிப்பதைவிட இரண்டு நல்ல ஸ்பீக்கரில் போட்டால் பாடகரின் குரல் இன்னும் உயிரோடு கேட்கும் என்பது என் எண்ணம்.

வீட்டில் பெரியவர்கள் இரண்டு ரிமோட்டை வைத்துத் தடுமாறுகிறார்களே?

சிஇசி என்ற வசதியை டிவியிலும் ரிசீவரிலும் இயக்கிவையுங்கள். டிவியின் மெனுவில் அதற்கு நிறுவனத்துக்கொரு பெயர் இருக்கும்: சோனியில் பிராவியா சிங்க், சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க். டிவியைப் போட்டதும் ரிசீவர் விழித்துக்கொள்ளும். டிவி ரிமோட்டின் ஒலிப் பொத்தானே ரிசீவரைக் கூட்டும், குறைக்கும். என் அம்மா எங்கள் ரிசீவரின் ரிமோட்டை இன்றுவரை தொட்டதில்லை. அது உறை பிரிக்காமல் அலமாரியின் இழுப்பறையில் இருக்கிறது.

எங்கே வைப்பது?

மேலே காற்றுப் போக இடம் வேண்டும். 10 சென்டிமீட்டராவது விடுங்கள். 7, 8 கிலோ எடையுள்ள பெட்டி என்பதால் மெல்லிய கண்ணாடித் தட்டு தாங்குமா என்றும் பாருங்கள். கதவு போட்ட டிவி அலமாரிக்குள் வைத்தால் கோடையில் சூடேறித் தானே அணைந்துகொள்ளும். செட் டாப் பாக்ஸை அதன் தலைமேல் அடுக்காதீர்கள். பலகைத் தட்டில் வைத்து, மேலே துணி விரிக்காமல் விட்டால் போதும். தூசியை மாதம் ஒருமுறை காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடலாம்.